ஐந்து நண்பர்களும் ஒரு பனியன் ஊரும்

எம். கோபாலகிருஷ்ணன் எழுதிய ‘மணல் கடிகை’ 2004-இல் தமிழினி வெளியீடாக வந்தது. பள்ளிப் பருவத்தில் ஒன்றாகத் திரியும் ஐந்து நண்பர்கள், படிப்பு முடிகிற இடத்தில் ஆளுக்கொரு பக்கம் பிரிகிறார்கள். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர வளர, அதோடு ஒட்டியும் அதில் அடிபட்டும் அவர்களும் வளர்கிறார்கள். வேலை, காசு, காதல், கல்யாணம், கடன், துரோகம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, இளமை கழிந்துவிட்டது என்று தெரிகிற வயதுவரை கதை அவர்களைப் பின்தொடர்கிறது. சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். நாவலோ பெரியது. இந்த ஐவரில் எவரையும் கதாநாயகன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரிடமும் கோபப்பட ஒரு காரணமாவது இருக்கிறது. அவர்கள் செய்கிற காரியத்தைவிடச் செய்த பிறகு தங்களுக்குள் புழுங்குகிற நேரம் அதிகம். இப்படிப்பட்ட நாவலை ரசிப்பதற்கு வேறு வகையான பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பழக்கிக்கொள்ளத் தமிழில் இதைவிடப் பொருத்தமான நாவல்கள் குறைவு.

கோபாலகிருஷ்ணன் திருப்பூர்க்காரர். ‘சூத்ரதாரி’ என்ற புனைபெயரிலும் எழுதியவர். ‘சொல் புதிது’ சிற்றிதழின் ஆசிரியராக இருந்தவர். நெசவாளர் சமூகத்தின் வாழ்வைச் சொல்லும் ‘அம்மன் நெசவு’ அவருடைய முதல் நாவல். ‘மணல் கடிகை’ அதற்கு அடுத்தது. மொழிபெயர்ப்பிலும் அவருக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. ஜெர்மானிய மேதை கதேயின் புகழ்பெற்ற இளமைக்கால நாவலை ‘காதலின் துயரம்’ என்று தமிழாக்கினார். இந்தி எழுத்தாளர் நிர்மல் வர்மாவின் நாவலொன்றை ‘சிவப்புத் தகரக் கூரை’ என்ற பெயரில் கொண்டுவந்தார். முதலாவது, ஓர் இளைஞன் தன் மனத்தைத் தானே கிளறிக் கிளறி அழிந்துபோகும் கதை. நிர்மல் வர்மாவும் சம்பவத்தைக் குறைத்து மனநிலையைப் பெருக்கி எழுதியவர். மனத்துக்குள் நடப்பதை எழுதுவதில் ஒருவருக்கு எவ்வளவு ஆழமான ஈர்ப்பு இருந்தால் இந்த இரண்டு நூல்களையும் தேர்ந்தெடுப்பார் என்பதை யோசித்துப் பார்க்கலாம். அந்த ஈர்ப்போடு அவர் பனியன் கம்பெனிகளின் ஊரை எழுத உட்கார்ந்தார் என்பதுதான் இங்கே முக்கியம். திருப்பூரைப் பற்றிப் பொதுவாகப் பேசப்படுவதெல்லாம் ஏற்றுமதித் தொகை, ஆர்டர், டாலர் விலை, சாயக்கழிவு. உள்ளே இருக்கிற மனிதன் இரவில் தூக்கம் வராமல் என்ன நினைக்கிறான் என்பது அந்தப் பேச்சில் வராது.

நாவலுக்குள் போவதற்கு முன் ஊரின் காலவரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இது வரலாற்று நாவல் இல்லை. ஆண்டுகள் தலைப்பாக வந்து நிற்பதில்லை. ஆனால் பின்னால் ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நொய்யலின் கரையில் பருத்திச் சந்தையாகவும் கதர் வணிகத்தின் மையமாகவும் இருந்த ஊர் திருப்பூர். 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு விழுந்து இறந்த குமரனால் நாடெங்கும் பெயர் தெரிந்தது. ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே இங்கே பின்னல் எந்திரங்களும் வரத் தொடங்கிவிட்டன. பிறகு பல பத்தாண்டுகள் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியன்தான் தொழில். 1970-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வாங்குபவர்கள் நேரடியாக வரத் தொடங்க, பனியன் மெல்ல டீ-ஷர்ட்டாக மாறியது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நான்கு மாதம் நீண்டது. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் உடைந்து சிறு சிறு யூனிட்டுகளாகப் பரவின. கட்டிங் ஓரிடம், தைப்பது ஓரிடம், சாயம் ஓரிடம், அயர்னிங்கும் பேக்கிங்கும் இன்னோரிடம் என்றாயிற்று. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 1990-களில் ஊர் ராத்திரி பகல் தெரியாமல் ஓடியது.

இந்தப் பத்திருபது ஆண்டுகளில்தான் ஒரு வித்தியாசமான விஷயம் நடந்தது. நேற்று ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர், நாலு மிஷின் வாங்கிப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, அடுத்த சில ஆண்டுகளில் முதலாளி ஆனார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. ஆனால் தெருவுக்கு ஒருவருக்காவது வாய்த்தது. அதனால் மற்ற எல்லோருக்கும் அந்த ஆசை தொற்றியது. அமெரிக்காவில் படித்த ஆய்வாளர் ஷரத் சாரி இதைக் களத்தில் தங்கி ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். காட்டில் பாடுபட்ட குடியானவர்கள் தொழிலாளிகளாகி, பிறகு முதலாளிகளான விதத்தையும், அவர்கள் தங்கள் வெற்றிக்கு ‘உழைப்பு’ ஒன்றையே காரணமாகச் சொன்னதையும் அந்த நூல் விரிவாகப் பேசுகிறது. அதுவும் 2004-இல்தான் வெளிவந்தது. ஒரே ஊர், ஒரே மாற்றம், ஒரே ஆண்டில் இரண்டு புத்தகங்கள். ஆய்வு நூல் சாதி, மூலதனம், கூலி, சங்கம் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கும். ‘நான் உழைத்தேன், மேலே வந்தேன்’ என்று பேட்டியில் சொன்ன மனிதர் அன்றிரவு தன் மனைவியிடம் என்ன பேசாமல் விட்டார் என்பதை அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல நாவல் வேண்டும்.

குறையுள்ள பாத்திரம் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வது எளிது. குடிகாரன், ஏமாற்றுக்காரன், கொடுமைக்காரக் கணவன் என்று முத்திரை குத்தத் தோதாக எழுதப்பட்ட ஆளைக் குறையுள்ள பாத்திரம் என்று சொல்லிவிட முடியாது. அவன் வில்லன், அவ்வளவுதான். தான் செய்வது சரியில்லை என்று ஓரளவு தெரிந்தே செய்கிறவன், செய்துவிட்டு அதற்கு நியாயம் தேடுகிறவன், தேடிய நியாயத்தைத் தானே நம்ப முடியாமல் தவிக்கிறவன், இவனைத்தான் இந்த வகை நாவல்கள் எடுத்துக்கொள்கின்றன. நண்பன் கேட்ட கடனை இல்லை என்று சொல்லிவிட்டு, கையில் காசு இருந்ததை நினைத்து நினைத்துப் பார்ப்பது போன்ற சின்ன விஷயங்களில்தான் அவன் தெரியவருவான். இதற்குக் கொலையோ கொள்ளையோ தேவையில்லை.

கொங்கு மண்ணில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’ 1942-இல் வெளிவந்தது. தமிழில் வட்டார நாவலின் தொடக்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். கணவனை இழந்த நாகம்மாள் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தோடு கெட்டியப்பனுடனான உறவும், பிடிவாதமும், பிறர் பேச்சுக்கு எடுபடும் குணமும் கலந்துகிடக்கின்றன. கொழுந்தன் சின்னப்பன் கெட்டவன் இல்லை. முடிவு கொலையில் போய் நிற்கிறது. யார் பக்கம் நிற்பது என்று வாசகரால் தீர்மானிக்க முடியாதபடி எழுதியதுதான் சண்முகசுந்தரத்தின் சாதனை. ஆனால் அது சிறிய நாவல். நாகம்மாளின் மனம் அவள் நடையிலும் பேச்சிலும் வெளிப்படுகிறது. அவள் உட்கார்ந்து தன்னையே விசாரித்துக்கொள்வது குறைவு. அறுபது ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் எழுதப்பட்ட ‘மணல் கடிகை’யில் மனிதர்கள் தங்களைத் தாங்களே விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இடையில் நிலம் போய்த் தொழில் வந்திருக்கிறது. பங்கு நிலம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். பனியன் கம்பெனியில் ஒருவன் எவ்வளவு சம்பாதிக்கிறான், எவ்வளவு கடனில் இருக்கிறான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். மறைக்க வேண்டியது கூடக் கூட, மனிதன் தனக்குள் பேசுவதும் கூடுகிறது.

தன்னைத் தானே விசாரிக்கும் பாத்திரத்தைப் படிக்கும்போது பலர் செய்யும் பிழை, அவன் தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடுவது. தனக்குள் பேசுகிறவன் உண்மைதான் பேசுவான் என்று ஒரு நினைப்பு. உண்மையில் மனிதன் வெளியே சொல்லும் பொய்யைவிடத் தனக்குச் சொல்லிக்கொள்ளும் பொய்தான் நீளமானது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ இதற்குத் தமிழில் மறக்க முடியாத எடுத்துக்காட்டு. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு தெய்வமாக வைத்துப் பார்க்கிறான். அந்தப் பக்தியின் உயரத்திலிருந்தபடியே, கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் தங்கம்மாளோடு ஓர் இரவு தடுமாறுகிறான். பிறகு அவளைத் தள்ளிவிடுகிறான். அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பாபு துக்கப்படுகிறான், குற்ற உணர்வில் வேகிறான். அவன் வேதனை பொய்யில்லை. ஆனால் அந்த வேதனையிலும் தங்கம்மாளைவிடத் தன் தூய்மை போனதே என்ற கவலைதான் அவனுக்குப் பெரிதாக இருக்கிறது. ஜானகிராமன் இதை எடுத்துச் சொல்வதில்லை. பாபுவின் நினைப்பையும் பாபுவின் செயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கண்டுகொள்வது வாசகரின் வேலை.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலும் இதையே வேறு அளவில் செய்கிறது, எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் அது தமிழில் கிடைக்கிறது. கொலை முதல் பாகத்தின் முடிவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மீதி ஐந்து பாகமும், தான் ஏன் அதைச் செய்தோம் என்பதற்கு ரஸ்கோல்னிகோவ் கண்டுபிடிக்கிற காரணங்கள் ஒவ்வொன்றாகச் சரிவதுதான். துப்பறியும் கதையென்று நினைத்து எடுப்பவர்கள் முதல் பாகத்தோடு கதை தீர்ந்துவிட்டது என்று சலிப்பார்கள். காரணங்கள் சரிவதைக் கவனிக்கப் பழகியவர்களுக்கு நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

‘மணல் கடிகை’யையும் இந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும். ஐந்து பேர் இருப்பது இங்கே பெரிய வசதி. ஒருவன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கை மற்ற நால்வர் மெய்ப்பிக்கவோ மறுக்கவோ செய்கிறார்கள். பள்ளி நாளிலிருந்து பழகிய சிநேகிதனிடம் பெரிய மனிதன் வேஷம் செல்லாது. பணம் வந்தவன் பழைய நண்பர்களைத் தேடுவதற்கும் தவிர்ப்பதற்கும் அதுவே காரணமாகிறது. ஐவரும் கூடுகிற இடங்களில், பேசப்படுவதைவிடப் பேசாமல் தாண்டிப் போவதைக் கவனித்தால், உறவு எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று தெரியும். ஆண்களின் நட்பைச் சொல்லும் தமிழ்க் கதைகளில் பெரும்பாலும் நட்பு ஒன்று தியாகமாகவோ துரோகமாகவோ முடியும். ஆண்டுகள் ஓட ஓட, காரணம் எதுவும் இல்லாமலே நட்பு மெலிவதை எழுத நீளமான நாவலால்தான் முடியும்.

நீளத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பெரிய நாவலைக் கண்டதும் வரும் முதல் கேள்வி, இதைப் பாதியில் சொல்லியிருக்க முடியாதா என்பது. தொடர்கதையாக வந்து பருத்த நாவல்களுக்கு அந்தக் கேள்வி பல சமயம் நியாயமானது. வாரம்தோறும் வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டிய கட்டாயத்தில் சம்பவங்கள் தேவைக்கு மேல் பெருகும். ஆனால் குறையுள்ள மனிதனை எழுத வரும் நாவலுக்கு நீளம் ஒரு கருவி. முதல் நூறு பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் வாசகருக்குத் தீர்ப்பு ஒன்று உருவாகிவிடும்: இவன் சுயநலக்காரன், இவன் கோழை, இவன் பாவம். அடுத்த நூறு பக்கத்தில் அந்தத் தீர்ப்பைக் கலைக்கிற ஒன்று வரும். சுயநலக்காரன் ஓரிடத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருப்பான். பாவப்பட்டவன் தன் வீட்டுக்குள் கொடுமைக்காரனாக இருப்பான். இப்படி இரண்டு மூன்று முறை தீர்ப்பு கலைந்த பிறகுதான், தீர்ப்பு சொல்லும் அவசரமே வாசகரிடம் அடங்குகிறது. இதற்குக் குறுக்குவழி இல்லை. நூறு பக்கக் குறுநாவலில் ஒரு மனிதனைப் பற்றி ஒரு முறை மனம் மாறலாம். பலமுறை மாற நேரமிருக்காது.

புரிந்துகொள்வது என்றால் மன்னித்துவிடுவது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகை நாவல்கள் மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு, கெட்ட காரியம் செய்பவனுக்கு மனம் என்று ஒன்றைக் கொடுத்து அவனைத் தப்பிக்க வைக்கின்றன என்பது. நல்ல நாவல் அப்படித் தப்பிக்க விடுவதில்லை. தங்கம்மாள் இறந்தது இறந்ததுதான்; பாபுவின் கண்ணீர் அதை மாற்றாது. திருப்பூர் நாவலிலும் ஒருவனின் வளர்ச்சிக்கு யாரோ கூலியாகவோ துயரமாகவோ விலை கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்தவனின் உள்மனம் நமக்குத் தெரிகிறது என்பதால் அந்த விலை குறைந்துவிடுவதில்லை. சொல்லப்போனால், அவனுக்கே அது தெரிந்திருந்தது என்று தெரியும்போது பாரம் கூடுகிறது.

அந்த விலையைப் பெரும்பாலும் பெண்கள் கொடுக்கிறார்கள். பின்னலாடைத் தொழிலில் செக்கிங், கைமடி, பேக்கிங், இப்போது தையல் என்று எல்லாப் பக்கமும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் வீட்டை நிமிர்த்தியிருக்கிறது. அவர்கள் வேலைக்குப் போவதையும், கையில் காசு வைத்திருப்பதையும் ஆண்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது இந்த ஊரின் இன்னொரு வரலாறு. ஐந்து ஆண்களை மையமாக வைத்த நாவலை வாசிக்கும்போது வாசகர் தாமாகவே ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு முக்கியமான திருப்பத்திலும், இதே சம்பவத்தை அங்கே இருக்கும் பெண் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆண் தன் ஏமாற்றத்தைப் பற்றி நாலு பக்கம் யோசிக்கும்போது, அவள் அதே நேரத்தில் அடுத்த நாள் சமையலுக்கும் பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கும் வழி பார்த்திருப்பாள். நாவலாசிரியர் அவள் பக்கத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார், எங்கே கொடுக்காமல் விட்டிருக்கிறார் என்பது இந்த வாசிப்பில் தானாகத் தெரியும். பெரிய நாவலை மதிப்பிட இதைவிட நல்ல சோதனை குறைவு.

நாவலின் தலைப்பையும் அவசரப்பட்டு அர்த்தப்படுத்தத் தேவையில்லை. மணல் கடிகையில் மேலே குறைவதும் கீழே நிறைவதும் ஒரே மணல்தான். ஒருவன் ஏறும்போது இன்னொருவன் இறங்குவதைச் சொல்வதாக முதலில் தோன்றும். இன்னும் படித்த பிறகு, ஒரே மனிதனுக்குள் ஒன்று நிறைவதற்காக இன்னொன்று காலியாவதாகத் தோன்றும். கவிழ்த்து வைத்தால் மறுபடி ஓடும் என்பதும் உண்டு. தொழிலில் நொடித்துப் போனவர்கள் இரண்டு வருடத்தில் வேறு பெயரில் கம்பெனி தொடங்குவதைக் கண்ட ஊருக்கு அது புதிதில்லை. நாவல் முடியும்போது மூன்று அர்த்தமும் பொருந்தியே இருக்கும்.

எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தோடு இருக்கும் பெரிய நாவல் உலகத்திலேயே இல்லை. டால்ஸ்டாயின் பெரும் போர் நாவலை டி. எஸ். சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழில் தந்தார். அதிலும் வரலாற்றைப் பற்றிய நீண்ட விவாதங்களில் பலர் பக்கங்களைத் தள்ளியிருக்கிறார்கள். நா. தர்மராஜன் மொழிபெயர்த்த ‘அன்னா கரீனினா’வில் லெவினின் விவசாய யோசனைகள் சலிப்பூட்டுகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அந்த யோசனைகளுக்குள்தான் லெவின் தன் வாழ்வின் பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறான். அதைத் தாண்டிப் போனவர்களுக்கு நாவலின் முடிவு வெறும் பிரசங்கமாகத் தெரியும். தொய்வான இடம் வரும்போது ஆசிரியர் இங்கே எதைச் சேர்த்துவைக்கிறார் என்று பார்ப்பது பயன் தரும். திருப்பூர் நாவலில் தொழில் விவரங்கள் வரும் பகுதிகளுக்கும் இது பொருந்தும். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் தெரிந்த உள்ளூர்க்காரர் அவற்றை வேகமாகக் கடப்பார். வெளியூர் வாசகருக்குக் கொஞ்சம் நிதானம் தேவைப்படும். அந்த விவரங்கள்தான் ஒருவனின் நாளை எது தின்கிறது என்று காட்டுகின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறவனுக்குத் தன்னைப் பற்றி நினைக்க மிஞ்சுவது வீடு போய்ச் சேரும் நேரம் மட்டும்தான். இந்த நாவலில் மனவோட்டத்துக்கு உள்ள இடம், ஊர் அந்த மனிதர்களுக்குக் கொடுக்க மறுத்த நேரம்.

வாசிக்கும் முறையைப் பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். முதல் ஐம்பது அறுபது பக்கத்தில் பெயர்கள் குழம்புவது இயல்பு. ஐந்து பேரும் அவர்கள் குடும்பமும் கூடவே வருகின்றன. ஒரு துண்டுத் தாளில் யார் யாருடைய வீடு என்று குறித்து, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுத்துப் படிப்பதைவிடத் தினமும் இருபது பக்கம் படிப்பது நல்லது. இடைவெளி நீண்டால் மனவோட்டத்தின் தொடர்ச்சி அறுந்துவிடும், சம்பவம் மட்டும்தான் நினைவில் நிற்கும். ஒரு பாத்திரத்தின் மேல் கடுமையான வெறுப்பு வருகிற பக்கத்தில் ஒரு குறி போட்டு வைக்கலாம். நாவலை முடித்த பிறகு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தால், வெறுப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். சிலருக்கு அது அப்படியே இருக்கும், அதுவும் சரிதான். கதையை முன்னாலேயே யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. அதனால்தான் ஐவருக்கும் என்ன ஆகிறது என்பதை இந்தக் கட்டுரையும் சொல்லாமல் விடுகிறது.

இதே ஊரை வேறு கண்ணால் பார்க்கும் நாவலோடு சேர்த்துப் படிப்பதும் உதவும். திருப்பூரில் வாழும் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ 1990-களின் இறுதியில் வந்தது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பதே அதன் மையம். நொய்யலில் 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயநீர்த் தேக்கமாகிப்போன கதை கொங்கில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. நீதிமன்றத்துக்கு முன்பே இலக்கியம் அதைச் சொல்லிவிட்டது. ‘சாயத்திரை’யில் பெரிய பாத்திரம் நீர்; மனிதர்கள் அதன் ஓரத்தில் நிற்கிறார்கள். ‘மணல் கடிகை’யில் மனிதர்கள் முன்னால் வருகிறார்கள், நீர் பின்னால் நிறம் மாறுகிறது. முதல் நாவல் வாசகரிடம் கோபத்தை எழுப்பும், எழுப்ப வேண்டும். இரண்டாவது, அந்தச் சாயத்தைத் திறந்துவிட்டவனும் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்விழித்தவன்தான் என்ற சங்கடத்தை எழுப்பும். ஓர் ஊரை அறிய இரண்டும் வேண்டும்.

‘மணல் கடிகை’ வந்த மறு ஆண்டு, 2005 ஜனவரியில், உலக ஆடை வணிகத்தில் நாடுகளுக்கு விதித்திருந்த கோட்டா முறை முடிவுக்கு வந்தது. திருப்பூரின் அடுத்த பெரிய பாய்ச்சலும், வட மாநிலத் தொழிலாளர்களின் வருகையும், 2009-இல் தனி மாவட்டமானதும் அதற்குப் பிந்தியவை. நாவலில் உள்ள ஊர் அதற்கு முந்தியது: உள்ளூர்ப் பையன்கள் மிஷினில் உட்கார்ந்து தங்களையும் முதலாளியாகக் கனவுகண்ட காலம். இன்று பனியன் கம்பெனிக்குப் போகும் இளைஞரின் மனத்தில் அந்தக் கனவு அதே வடிவில் இல்லை. அந்தத் தலைமுறை தனக்குள் என்ன பேசிக்கொண்டது என்பதற்கு இந்த நாவலைத் தவிர வேறு பதிவு அதிகமில்லை.

படித்து முடித்தவர்கள் அடுத்து எங்கே போவது என்பதற்கும் கோபாலகிருஷ்ணனிடமே வழி இருக்கிறது. பின்னோக்கிப் போக ‘அம்மன் நெசவு’. பனியனுக்கு முன்னால் தறியோடு இருந்த வாழ்க்கை அதில் கிடைக்கும். முன்னோக்கிப் போக 2018-இல் வந்த ‘மனைமாட்சி’. கணவன் மனைவி உறவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இருவரும் ஒருவரையொருவர் எப்படிச் சிதைக்கிறார்கள், எதனால் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று துருவும் பெரிய நாவல். ‘மணல் கடிகை’யில் பெண்ணின் பக்கம் போதவில்லை என்று நினைத்தவர்கள் அந்தக் கேள்வியோடு இதற்குள் போகலாம். திருப்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில் சம்பளக் காசோடு வருகிற இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. அவர்களில் பெரிய நாவலைத் தொடத் தயங்குகிறவர்கள் ‘நாகம்மாள்’ போன்ற சிறிய புத்தகத்தில் தொடங்கி, ‘மோகமுள்’ வழியாக இந்த நாவலுக்கு வந்து சேரலாம். குறையுள்ள மனிதர்களோடு நெடுநேரம் இருக்கும் பழக்கம் இரண்டாவது புத்தகத்திலேயே வந்துவிடும்.